குதிரை ஏற மறுத்த அக்காவுக்கு

அக்கா,

இன்று மதியம் பீரோ மேலிருந்து அந்தத் துணிப்பையை இறக்கினேன். அவிழ்த்ததுமே நீலகிரித் தைல வாசனை. முழங்காலில் தேய்த்த கையோடு பிடித்து விளையாடுவாயே, அந்த ரிமோட் முழுக்க ஏறிக் கிடக்கிறது. உன் மகன் அதைக் கன்ட்ரோலர் என்பான். நமக்குக் கடைசிவரை ரிமோட்தான். உன் நெல்லித்தோப்பு வீட்டைக் காலி செய்யும்போது அவன் பிரான்சிலிருந்து போனில் ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "சித்தி, அந்த கேம் பெட்டிய மட்டும் யாருக்கும் குடுத்துடாதீங்க. நீங்களே எடுத்துட்டுப் போங்க." எடுத்துக்கொண்டு சாரத்தில் இருக்கும் என் வீட்டுக்கு வந்துவிட்டேன். இத்தனை மாதமாகத் தொடவில்லை.

உனக்கு இரண்டு கிட்னியும் போய், ஒருநாள் விட்டு ஒருநாள் டயாலிசிஸ் என்று ஆன காலம் அது. இதயம் பலவீனம், கிட்னி மாற்று ஆபரேஷன் தாங்காது என்று டாக்டர் சொல்லிவிட்டார். இன்னும் எவ்வளவு காலம் என்று அவரும் சொல்லவில்லை, நாமும் கேட்கவில்லை. மாமா போய்ச் சேர்ந்து வெகுநாள் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரி நாளில் நான்தான் ஆட்டோ வைத்து உன்னை அழைத்துப் போவேன். மற்ற நாளில் நீ தனியாகப் படுத்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருப்பாய் என்று நினைத்து, ஒருநாள் சும்மா எட்டிப் பார்க்க வந்தேன். டிவியில் ஏதோ மலை, காடு, இடிந்த கோட்டை. முதுகில் வாளை மாட்டிக்கொண்டு நடுரோட்டில் ஒரு பெண் நின்றாள்.

"இன்னாக்கா இது, சீரியலா?"

"சீரியல்ல நாம சொன்ன பக்கம் நடப்பாளா? இங்க பாரு, இந்தக் குச்சிய முன்னால தள்ளுனா போறா. வா, உக்காரு. ஒரு டிராகனத் தேடிப் போறோம்."

உனக்கு அப்போது அறுபத்திரண்டு. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஆனாலும் அன்றிலிருந்து நீ ஆஸ்பத்திரி போகாத நாளெல்லாம் மதியம் வந்துவிடுவேன். ப்ளவுஸ் தைக்கத் துணி கொண்டுவருகிறவர்களிடம் நாளைக்கு வா என்று சொல்லிவிட்டு ஸ்கூட்டரை எடுப்பேன். எத்தனை பேர் என்னைத் திட்டியிருப்பார்களோ!

அந்தப் பெட்டி உன் மகன் அங்கிருந்து கொண்டுவந்து விட்டுப்போனது. எழுத்தெல்லாம் பிரெஞ்சில் வரும். அப்பா உன்னைப் பிரெஞ்சுப் பள்ளியில் போட்டார். என் முறை வருவதற்குள் அவருக்கு மனசு மாறி என்னைத் தமிழ்ப் பள்ளியில் போட்டார். அதனால் கேமில் யார் வாயைத் திறந்தாலும் நீதான் எனக்குச் சொல்ல வேண்டும். ராஜா பேசினாலும் சூனியக்காரி பேசினாலும் உன் வாயில் நம்ம ஊர்ப் பேச்சாக வரும். "ஏம்மா, அந்தப் பக்கம் போவாத, பேய் கீது இருக்கும்னு சொல்றான்" என்பாய்.

முதல் ஊரைத் தாண்டியதும் லாயக்காரன் ஒருவன் நமக்கொரு குதிரை கொடுத்தான். சிவப்புக் குதிரை. செவலை என்று பேர் வைத்தாய். எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்தத் தேசம் அவ்வளவு பெரிசு! ஒரு ஊரிலிருந்து அடுத்த ஊருக்கு நடந்தால் மதியமே போய்விடும். நீயோ லாயக்காரன் பேசியதைக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தாய்.

"குதிரை ஒருதரம் செத்துட்டா அவ்ளோதானாம்டி. திரும்ப வராதாம்."

"அதுக்காக ஏறவே கூடாதா?"

"பாவம்டி. வழியெல்லாம் ஓநாய் இருக்கு. இங்கயே கட்டிட்டு நடந்து போலாம்."

நடந்தோம். நாள் கணக்கில், வாரக் கணக்கில் நடந்தோம். எனக்குக் கடுப்பாக வரும். ஓநாய் துரத்தும்போதெல்லாம் "ஏறியிருந்தா இந்நேரம் தப்பிச்சிருக்கலாம்" என்று கத்துவேன். நீ அசரவே மாட்டாய். குதிரையில் போனால் பாதையோர மூலிகை கண்ணில் படாது, செங்குத்து மலையில் அது ஏறாது, சண்டை வந்தால் எப்படியும் இறங்கத்தானே வேண்டும் என்று வக்கீல் மாதிரி அடுக்குவாய். மேப்பில் ஊர்ப் பேரைத் தொட்டால் நேராகவே அங்கே போய் நிற்கலாம் என்று நான் கண்டுபிடித்துச் சொன்னபோது என்னை முறைத்த முறைப்பு இருக்கிறதே!

ஒருநாள் ஆற்றோரப் பாதை. ரிமோட்டை மடியில் வைத்துவிட்டுச் சும்மா இருந்தாய். அந்தப் பெண்ணும் திரையில் சும்மா நின்றாள். தண்ணீர் ஓடும் சத்தம் மட்டும் கேட்டது. ஒரு நாளைக்கு இவ்வளவுதான் தண்ணீர் குடிக்கலாம் என்று உனக்கு அளந்து கொடுத்துக்கொண்டிருந்த நேரம். நாக்கு வறண்டு, உதடு வெடித்திருந்தது.

"குதிரையில போனா குளம்புச் சத்தம்தான்டி கேக்கும். இது கேக்காது" என்றாய்.

"அக்கா..." என்று ஆரம்பித்தேன். உடனே ரிமோட்டை எடுத்துக்கொண்டாய். "இரு இரு, புதர்ல இன்னாவோ அசையுது." அதற்கப்புறம் நான் குதிரைப் பேச்சைக் கொஞ்ச நாள் எடுக்காமல் இருந்தேன். ஆனால் விடவில்லை. வடக்கு மலை தெரிய ஆரம்பித்ததும் திரும்பவும் நச்சரித்தேன். நீயும் அடுத்த ஊர் தாண்டட்டும், அடுத்த ஊர் தாண்டட்டும் என்று இழுத்துக்கொண்டே போனாய்.

மாசி மாதத்தில் டயாலிசிஸ் நடக்கும்போதே உனக்குப் பிரஷர் இறங்கியது. நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். நர்ஸ் வந்து கூப்பிட்டபோதே தெரிந்துவிட்டது. உன் கை இன்னும் சூடாக இருந்தது. மகன் வந்து கொள்ளி வைத்தான், காரியம் முடித்தான், கிளம்பினான். டிராகனை நாம் கடைசிவரை பார்க்கவில்லை.

இன்று அந்தப் பெட்டியை நானே டிவியில் மாட்டினேன். நீ கடைசியாக நிறுத்திய ஊரில், ஒரு குதிரை லாயத்துப் பக்கத்திலேயே அந்தப் பெண் நின்றாள். ஊருக்கு ஊர் இருக்கும் லாயங்களில் அதுவும் ஒன்று. எனக்கோ ஒரு எழுத்தும் புரியவில்லை. என் மகள் வந்து பார்த்துவிட்டு, "இன்னாம்மா, இங்கிலீஷ்ல மாத்திக்க வேண்டியதுதானே?" என்று இரண்டு தட்டில் மாற்றிக் கொடுத்துவிட்டுப் போனாள். அப்படி ஒன்று இருப்பதே அந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியாது.

லாயக்காரனிடம் போய்ப் பேசினேன். உன் குதிரைக்கு எது நடந்தாலும் கவலைப்படாதே, எந்த லாயத்தில் வந்து கேட்டாலும் அதே குதிரை திரும்பக் கிடைக்கும் என்றான். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் திரும்பத் திரும்பப் படித்தேன். மகளையும் கூப்பிட்டுப் படிக்கச் சொன்னேன். அதேதான்.

எனக்கு வந்த கோபத்தைக் கேட்காதே. இத்தனை மாதம் என்னை நடத்தியே கொன்றாயே! உடனே உன் மகனுக்குப் போன் போட்டேன். உங்கம்மாவுக்குப் பிரெஞ்சு மறந்துபோச்சா என்று கேட்டேன்.

அவன் சொன்னான். "அம்மாவுக்குத் தெரியும் சித்தி. குதிரை செத்தாலும் திரும்ப வரும், எடுத்தா சீக்கிரம் முடிச்சிடலாம்னு நானே சொல்லியிருக்கேன். முடிஞ்சா வேற கேம் வாங்கி அனுப்பறேன்னும் சொன்னேன். அவங்க கேக்கல. 'ஆஸ்பத்திரி நாளுக்கு அவ வந்துதான் ஆவணும், வருவா. இது முடிஞ்சிட்டா மத்த நாளுக்கு எதுக்குடா வரப்போறா? அவளுக்கு இது ரொம்பப் பிடிச்சிருக்கு'ன்னாங்க."

போனை வைத்துவிட்டு அழுதேன் அக்கா. வாய்விட்டு அழுதேன். மகள் ஓடி வந்து என்னம்மா என்னம்மா என்றாள்.

யாராவது இப்போது என்னைக் கேட்டால் உண்மையைத்தான் சொல்வேன். குதிரை பிரயோஜனம்தான். ஓநாயிடமிருந்து தப்பிக்கலாம், ஊருக்கு ஊர் சீக்கிரம் போகலாம், செத்தாலும் திரும்ப வரும். மலைக்கு மட்டும் உதவாது. நீ அடுக்கிய மற்றதெல்லாம் சும்மா சாக்கு. ஆற்றுத் தண்ணீர்ச் சத்தத்தைத் தவிர. அதை மட்டும் சாக்கு என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

ஆனால் உனக்குத் தெரியாதது ஒன்று இருக்கிறது. எனக்கு அந்த கேம் பிடிக்கவே பிடிக்காது அக்கா. முதல் நாளிலிருந்தே பிடிக்காது. ஓநாயும் பேயும் பார்த்துக்கொண்டிருக்க எனக்கென்ன சின்ன வயசா? உனக்கு அதில் உயிர் என்று நினைத்துத்தான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். குதிரையில் ஏறு, குதிரையில் ஏறு என்று உன் உயிரை வாங்கியதும் அந்த டிராகனுக்காக இல்லை. சனியன் சீக்கிரம் முடிந்து தொலைந்தால் டிவியை அணைத்துவிட்டு உன்னோடு பேசலாம் என்றுதான். பேச நிறைய இல்லை. உன் கையைப் பிடித்துக்கொண்டு, "உனக்கு பயமா இருக்காக்கா?" என்று கேட்க வேண்டும் என்றிருந்தேன். அவ்வளவுதான்.