கஸ்பாரோ மொரெந்தியை மல்வேர்னில் பாடியவளுக்கு

இன்று காலை பால் வாங்கக் கீழே இறங்கினேன். லிஃப்ட் கதவு திறந்ததும் எலுமிச்சை மணம் முகத்தில் அடித்தது. யாரோ அப்போதுதான் தரையைத் துடைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பன்னிரண்டு வருடம் நம் இருவரின் கைகளிலும் ஊறிக் கிடந்த அதே திரவம். மீன் கழுவினாலும் வெங்காயம் அரிந்தாலும் போகாத மணம். பாலை மறந்துவிட்டு, காயாத தரையின் ஓரத்தில் கொஞ்ச நேரம் நின்றேன்.

நீ போய் ஒன்றரை வருடமாகிறது. உன்னை அடக்கம் செய்த அன்று கோயிலில் மூன்று பேர் பேசினார்கள். நல்ல தாய் என்றார்கள். நல்ல விசுவாசி என்றார்கள். ஒரு நாளும் லீவு எடுக்காமல் வேலை செய்தவள் என்று ஒருவர் அதைப் பெரிய புகழாகச் சொன்னார். கஸ்பாரோவைப் பற்றி யாரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் கடைசி வரிசை வாங்கில் உட்கார்ந்திருந்தேன், எழுந்து சொல்லியிருக்கலாம். உன் கோயில், உன் சனம், நான் சைவக்காரி என்று வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டேன். அந்தக் குற்ற உணர்வு இன்னும் இருக்கிறது. அன்று சொல்லாததை இங்கே எழுதுகிறேன்.

நாம் முதலில் பேசியது, இந்த நாட்டுக்கு வந்து குடியேறிய மல்வேர்னில் பஸ் நிற்கும் இடத்தில், விடிவதற்கு முன், பெப்ரவரிக் குளிரில். இருவருக்கும் ஒரே சீருடை. இருவரும் போவது ஒரே கட்டடத்துக்கு, பல்கலைக்கழகத்தின் இசைப் பிரிவுக்கு, துப்புரவு வேலைக்கு. யாழ்ப்பாணத்தில் தமிழ் படிப்பித்தேன் என்று ஒரு பேச்சுக்குச் சொன்னேன். அன்றிலிருந்து உனக்கு நான் ரீச்சர். இங்கே என்னை அப்படிக் கூப்பிடாதே, கேட்கிறவர்கள் சிரிப்பார்கள் என்று எத்தனையோ தடவை சொல்லிவிட்டேன்.

"மொப் கையில இருந்தால் படிச்சது அழிஞ்சு போகுமோ ரீச்சர்?" என்று கேட்டாய்.

உனக்கும் அழியவில்லை. மன்னாரில் கன்னியர் மடத்தில் நீ மேல்நாட்டு இசைக் குறிப்பு வாசிக்கப் படித்தவள் என்பது எனக்கு அதுவரை தெரியாது. மூன்றாம் மாடி நூலகத்தில் ஒரு காலை, யாரோ ஒரு பெரிய புத்தகத்தை மேசையில் திறந்தபடி விட்டுப்போயிருந்தார்கள். பழைய கையெழுத்துப் பிரதி ஒன்றைப் படம் பிடித்து அச்சடித்த புத்தகம். நீ குனிந்து பார்த்தாய். மொப்பைச் சுவரில் சாய்த்தாய். பிறகு சொல் இல்லாமல் மெட்டை மட்டும் மெல்லப் பாடத் தொடங்கினாய். நான் பதறிப்போய் வாசலைப் பார்த்தேன். அங்கே நூலகப் பொறுப்பாளரான அந்த நரைத்த தலைப் பெண் நின்றுகொண்டிருந்தாள். வேலை போய்விட்டது என்றுதான் நினைத்தேன். அவள் உன்னிடம், இதை வாசிக்கத் தெரியுமா என்று கேட்டாள். தெரியும் என்று நீ நிமிர்ந்து நின்று சொன்னாய். அடுத்த வாரம் உனக்கு வாசகர் அட்டை கிடைத்தது. வேலை முடிந்த பிறகு தினமும் இரண்டு மணித்தியாலம் சீருடையைக் கழற்றாமலே அங்கே போய் இருப்பாய். கிளீனர்மார் இங்கே இருக்கலாமா என்று ஒருநாள் காவலாளி வந்து கேட்டான். கதிரையை விட்டு எழும்பாமல் அட்டையை எடுத்து அவனுக்குக் காட்டினாய்.

கஸ்பாரோ மொரெந்தியை நான் பஸ்ஸில்தான் அறிந்துகொண்டேன். மேசையில் திறந்து கிடந்த அந்தக் கைப்பிரதி அவருடையது, அதன் முன்னுரையில் நீ படித்ததை அடுத்த நாள் காலை எனக்குச் சொல்வாய். நாப்போலி நகருக்குப் பக்கத்தில் ரொட்டி சுடும் ஒருவரின் மகன். பெற்றோர் இறந்தபின், அனாதைப் பிள்ளைகளுக்கு இசை படிப்பிக்கும் மடம் ஒன்றில் வளர்ந்தவர். இருபது வயதாகுமுன்பே முதல் ஒப்பராவை எழுதினார். கதை முழுவதையும் பாட்டாகவே நடிக்கும் அந்த நாடகங்கள்மேல் பதினெட்டாம் நூற்றாண்டில் ஊர்களுக்குப் பைத்தியம் பிடித்திருந்தது. வெனிஸில் ஒரு பருவம், வியன்னாவில் இரண்டு, பிறகு வடக்கே பனி கொட்டும் தேசத்தில் ஓர் அரண்மனையில் வேலை. அங்கே அவரை ஆதரித்த பிரபு இறந்துபோனார். நாடக அரங்கு எரிந்தது. ஊருக்குத் திரும்ப வழியில்லை. வீட்டுக்காரரின் பெண்களுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்துக் காலத்தை ஓட்டி, பாஷை பிடிபடாத அந்த ஊரிலேயே செத்தார். எங்கே புதைத்தார்கள் என்று தெரியாது. எழுதிய இருபது சொச்சத்தில் இரண்டுதான் மிஞ்சின.

"கஸ்பார் எண்டால் எங்கட ஊர்ப் பேர், ரீச்சர்," என்று சிரித்தாய். பாலன் இயேசுவைப் பார்க்க வந்த மூன்று அரசர்களில் ஒருவருடைய பெயராம். மன்னாரில் தெருவுக்குத் தெரு, ஒழுங்கைக்கு ஒழுங்கை ஒருவர் இருப்பாராம். நாலைந்து நாளில் அவர் உன் ஒழுங்கைக்காரர் ஆகிவிட்டார்.

மிஞ்சிய இரண்டில் இரண்டாவதில் ஒரு தாய் வருகிறாள். அவளுடைய மகனை அரசனின் ஆட்கள் கொண்டுபோய்விட்டார்கள். கடைசி அங்கத்தில் அவள் தனியாக அரசவைக்குப் போகிறாள். அந்தக் காலத்து ஒப்பராக்களில் இந்த இடத்துக்கு வரும் பெண்கள் முழங்காலில் விழுந்து அழுவார்களாம், அரசன் மனம் இளகுவானாம். கஸ்பாரோ தன் கைப்பிரதியின் ஓரத்தில் குறித்திருந்தார்: முழங்காலிடக் கூடாது, நின்றே பாட வேண்டும். பாட்டு முழுவதும் அவளுக்கு ஒரே ஒரு கேள்விதான். என் மகனை எங்கே வைத்திருக்கிறாய்? அதையே ஏழு விதமாகக் கேட்கிறாள். அரசன் பதில் சொல்வதில்லை. பாட்டு முடிகிறது.

இதைச் சொல்லிவிட்டு நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். உன் தம்பியைச் சந்தியில் வைத்து வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போனதையும், உன் அம்மா இராணுவ முகாம் முகாமாக ஏறி இறங்கியதையும் எனக்கு முதன்முதலாகச் சொன்னது அன்றுதான்.

"அம்மா ஒரு இடத்திலயும் அழேல்லை, ரீச்சர். கேட்டவ. சாகுமட்டும் கேட்டுக்கொண்டுதான் இருந்தவ."

பிறகு அந்தக் கோடைக்காலம். நூலகத்திலிருந்து வெளியே வந்தபோது உன் முகம் வெளிறியிருந்தது. கையில் இரண்டு போட்டோப் பிரதிகள். ஒன்று கஸ்பாரோவின் கைப்பிரதி. மற்றது பாட்டுப் படிக்கும் மாணவர்கள் எல்லோரும் வைத்திருக்கும் ஒரு பழைய தொகுப்பில் இருந்து எடுத்தது. ஒரே மெட்டு. இரண்டாவதன் மேலே இருந்த பெயர் உலகமறிந்த ஓர் இசைப் பெரியவருடையது. சொற்கள் வேறு. காதலன் வரப் பிந்திவிட்டான் என்று ஒரு பெண் சிணுங்குகிறாள். அந்தப் பெரியவர் திருடினார் என்று நீ ஒருநாளும் சொன்னதில்லை. அவர் இறந்து கனகாலத்துக்குப் பிறகு, விற்க வேண்டும் என்பதற்காக எவனோ ஓர் அச்சகக்காரன் அந்தப் பெயரை ஒட்டியிருக்கிறான் என்றாய்.

"பேரையும் எடுத்துப்போட்டாங்கள். கேள்வியையும் எடுத்துப்போட்டாங்கள்."

அதைவிடச் சரியாக அந்த விஷயத்தை இன்றுவரை யாரும் சொல்லவில்லை.

நீ ஒரு பேராசிரியருக்கு எழுதினாய். நாலு பக்கம், பிரதிகளோடு, எந்த வரி எந்த வரியோடு பொருந்துகிறது என்று அடையாளம் போட்டு. பதில் மூன்று வரியில் வந்தது. ஆர்வத்துக்கு நன்றி, இப்படியான கேள்விகளுக்குப் பயிற்சி பெற்றவர்கள் தேவை, உங்கள் பொழுதுபோக்குத் தொடர வாழ்த்துகள். நீ அதை எனக்கு இரண்டு தடவை வாசித்துக் காட்டினாய். பொழுதுபோக்கு என்ற சொல்லில் இரண்டு தடவையும் நின்றாய்.

"சரி, அப்ப பாடிக் காட்டுவம்," என்றாய்.

உன் கோயில் பாடகர் குழுவுக்குப் பொறுப்பாக இருந்த அங்கிளை நான் குறை சொல்ல மாட்டேன். எத்தனையோ குளிர்காலம் அந்தக் குழுவைக் கலையவிடாமல் வைத்திருந்த மனிதர். ஞாயிறு பூசைக்குப் பிறகு கீழ் மண்டபத்தில் வைத்து அவர் கேட்டதும் நியாயமாகத்தான் பட்டது. "தங்கச்சி, எங்கட சனத்துக்கு ஆயிரம் பிரச்சினை. எப்பவோ செத்த ஒரு வெள்ளைக்காரனுக்கு நாங்கள் ஏன் பாடோணும்?"

நீ குரலை உயர்த்தவில்லை. "அந்தாள் என்ர அம்மாவின்ர கேள்வியை எழுதி வைச்சிருக்கிறார், அங்கிள். அதுக்குத்தான்."

அவர் மண்டபத்தைத் தந்தார். குழுவைத் தரவில்லை. அப்படியானால் தனியே பாடுவேன் என்றாய்.

தமிழ்ச் சொற்களை என்னிடம் கேட்டாய். இருபது வருடமாகக் கடிதம்கூட ஒழுங்காக எழுதாத நான் மூன்று வாரம் மேசையில் குந்தியிருந்தேன். மெட்டுக்கு உட்காராத சொற்களை நீ தொலைபேசியில் பாடிக் காட்டித் திருப்பி அனுப்புவாய். ஓர் இடத்தில் "இரந்து கேட்கிறேன், அரசே" என்று எழுதியிருந்தேன். ஓசை அழகாகத்தான் இருந்தது. நேரில் காட்டியபோது நீ பேனையை வாங்கி அதை வெட்டினாய். அவள் இரக்கவும் மாட்டாள், அவனை அரசே என்று கூப்பிடவும் மாட்டாள் என்றாய். நமக்குள் நடந்த ஒரே சண்டை அதுதான். நான் தமிழ் ரீச்சர், எனக்குத் தெரியும் என்றேன். எனக்கு அவளைத் தெரியும் என்றாய். நான் தோற்றேன். நல்லவேளை.

பாடுவதற்கு இரண்டு வாரம் முந்தி, கொஞ்சக் காலமாக விடாத உன் இருமலுக்குக் காரணம் சுவாசப்பையில் இருக்கும் கட்டி என்று டொக்டர் சொன்னார். நான் தள்ளிவைக்கச் சொன்னேன். "தள்ளிவைச்சால் ஆர் பாடுறது? நீங்களோ?" என்று என்னைப் பார்த்தாய். எனக்குச் சுருதி என்றால் என்னவென்று தெரியாதது உனக்குத் தெரியும்.

சனிக்கிழமை பின்னேரம். எண்பது கதிரை போட்டோம், நாற்பது பேர் வந்தார்கள். இசைப் பிரிவில் படிக்கும் கொரியப் பிள்ளை ஒருத்தி பியானோ வாசிக்க வந்திருந்தாள். நூலகப் பெண் பின்வரிசையில். பிக்கரிங்கிலிருந்து வந்த உன் மகள், அம்மா என்ன செய்யப்போகிறாளோ என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். நீ மண்ணிறச் சேலையில் நின்று முதலில் கஸ்பாரோவின் முழுப் பெயரையும் சொன்னாய். பிறகு பாடினாய். நான்காவது கேள்வியில் குரல் உடைந்து இருமல் வந்தது. சிலர் எழுந்து தண்ணீர் கொண்டுவரப் போனார்கள். நீ கையால் அவர்களை இருக்கச் சொன்னாய். மூச்சு வரும்வரை நின்றாய். பியானோப் பிள்ளையிடம் திரும்பி, முதலிலிருந்து என்றாய். விட்ட இடத்திலிருந்து தொடங்கியிருக்கலாம். முதலிலிருந்து என்றாய்.

இந்தத் தடவை குரல் கரகரத்தது, ஆனால் நிற்கவில்லை. ஏழாவது கேள்வி முடிந்து பியானோவும் ஓய்ந்தபோது யாரும் கைதட்டவில்லை. முன்வரிசையில் ஒரு வயதான அம்மா எழுந்தார். மிசிசாகாவிலிருந்து மகனோடு வந்திருந்தவர். இரண்டு மகன்மாரில் ஒருவனை மட்டும் இங்கே கொண்டுவர முடிந்தவர் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் நின்றுகொண்டே இருந்தார். மகன் கையைப் பிடித்து இருக்கச் சொன்னான். இருக்கவில்லை.

எல்லோரும் போனபின் அங்கிளும் நானும் கதிரைகளை மடித்துக்கொண்டிருந்தோம். அவர் சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார். "அந்தாள்ர பேரை இன்னொருக்காச் சொல்லும், பிள்ளை," என்றார். உள்ளங்கையில் எழுதிக்கொண்டார்.

ஐந்து மாதத்தில் நீ போய்விட்டாய். உன் மகள் ஒரு கோப்பைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தாள். "அன்ரி, ஐ டோன்ற் நோ வட் டு டூ வித் திஸ். உங்களிட்ட இருந்தால் அம்மாக்கு விருப்பமா இருக்கும்," என்றாள். எல்லாம் அதற்குள் இருந்தது. பிரதிகள், அடையாளங்கள், அந்த மூன்று வரிப் பதில்கூட. நூலகப் பெண் தன்னால் முடிந்ததைச் செய்தாள். பட்டியலில் அந்தப் பாட்டுக்கு எதிரே ஒரு குறிப்புச் சேர்த்தாள்: மெட்டு மொரெந்தியுடையது, கைப்பிரதியைப் பார்க்கவும், கண்டறிந்தவர் என்று உன் பெயர். பல்கலைக்கழகம் அதைக் கொண்டாடவில்லை, ஆனால் அழிக்கவும் இல்லை.

இந்த இலையுதிர் காலத்தில் நகரின் நடுவில் ஒரு கச்சேரியில் அதே பாட்டு இருந்தது, பழைய பெயரோடு, சிணுங்கலோடு. நான் போனேன். முடிந்தபின் பார்வையாளர்களின் கேள்விகளுக்கு நேரம் கொடுத்தார்கள். என் ஆங்கிலம் உனக்குத் தெரியும். எழுந்து நின்றேன். இதை எழுதியவர் கஸ்பாரோ மொரெந்தி என்று சொன்னேன். மேடையிலிருந்தவர் நன்றி சொல்லி, இதுபற்றிப் பல அபிப்பிராயங்கள் உண்டு என்று உயர்ந்திருந்த அடுத்த கைக்குத் திரும்பினார். நான் உட்காரவில்லை. கைப்பிரதியின் எண்ணைச் சொல்கிறேன், எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். பக்கத்திலிருந்தவர்கள் நெளிந்தார்கள். அவர் கடைசியில் எழுதிக்கொண்டார்.

உன்னிடமிருந்து எனக்கு இசை வரவில்லை. இன்றைக்கும் சுருதி பிடிபடாது. அந்தப் பாட்டின் முதல் பக்கத்தை விரல் வைத்து வாசிக்கப் பழகியிருக்கிறேன், அவ்வளவுதான். ஆனால் சபை நெளியும்போது உட்காராமல் இருக்கும் பழக்கம் வந்திருக்கிறது. வாழ்நாள் முழுக்க எனக்கு இல்லாத பழக்கம். நீ எழுதிய அந்தப் பேராசிரியருக்குப் பிறகு நான் ஏழு இடங்களுக்கு எழுதிவிட்டேன். உன் பிரதிகளோடு.

போன வாரம் அந்தக் கச்சேரிக்காரர்களிடமிருந்து பதில் வந்தது. மரியாதையான கடிதம். கைப்பிரதியைப் பார்த்தார்களாம். அடுத்த தடவை இரண்டு பெயர்களையும் சேர்த்துப் போட யோசிக்கிறார்களாம், எனக்குத் திருப்திதானே என்று கேட்டிருந்தார்கள்.

இரண்டு பெயர் வேண்டாம், ஒன்று போதும், எது என்று உங்களுக்குத் தெரியும் என்று எழுதியிருக்கிறேன். அந்தத் தாயின் சொற்களையும் திருப்பிப் போடுங்கள் என்று எழுதியிருக்கிறேன். கீழே உன் பெயரையும் என் பெயரையும் போட்டு, இரண்டுக்கும் பக்கத்தில் கிளீனர் என்று எழுதினேன். உறையை ஒட்டியாகிவிட்டது. பின்னேரம் தபாலில் போடுகிறேன்.