வாசலை அடைக்கும் மருந்து

வெள்ளிமலை,
30.7.1990

அன்புள்ள மாமாவுக்கு,

செவ்வந்தி எழுதுவது. மலையில் நானும், கீழே நைனார்பாளையத்தில் அத்தையும் நலம். டெல்லி வெயில் குறைந்ததா என்று கேட்டு எழுதிய கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை. இதற்குள் வெயிலே குறைந்திருக்கும்.

போன வாரம் எங்கள் ஆஸ்பத்திரிக்குச் சின்னப்பொண்ணு என்று ஒருத்தியைத் தூக்கி வந்தார்கள். குழந்தை பிறந்து ஒரு மாதம் ஆகிறது. இரண்டு கையும் முறுக்கிக்கொண்டு, விரல்கள் கூம்பிப்போய்க் கிடந்தாள். "சாமி வந்துகினு இருக்குதுங்க" என்றான் புருஷன். டாக்டர் கால்சியம் ஊசியை மெல்ல மெல்ல ஏற்றினார். பார்த்துக்கொண்டிருக்கும்போதே கை விரிந்தது. எழுந்து குழந்தையை வாங்கிக்கொண்டாள்.

அங்கே ஆராய்ச்சி என்று நீங்கள் கட்டிக்கொண்டு அழுவதும் அதே சுண்ணாம்புச்சத்தைத்தானே? என்னைவிட அதற்கு அப்படி என்ன பெருமை என்று எனக்குப் புரியும்படி எழுதுங்கள். தீபாவளிக்கு வருவதாகச் சொன்னதை மறக்க வேண்டாம்.

உங்கள்
செவ்வந்தி

டெல்லி,
14.8.1990

அன்புள்ள செவ்வந்திக்கு,

உன் கடிதத்தை மூன்று பேருக்குப் படித்துக்காட்டினேன். கடைசி வரிகளை மட்டும் எனக்கென்று வைத்துக்கொண்டேன்.

உடம்பில் ஒவ்வொரு செல்லுக்கும் வெளியே கால்சியம் ஏராளம். உள்ளே ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. உள்ளே வந்ததையும் செல் ஓயாமல் வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். சுவரில் அதற்கென்று சின்னச் சின்ன வாசல்கள் உண்டு. கண் இமைப்பதற்குள் திறந்து மூடிவிடும். உள்ளே வெறுமையாக இருப்பதால்தான் நுழைகிற துளியும் பெரிய சேதியாகிறது. அந்தச் சேதி கிடைத்துத்தான் இதயம் சுருங்குகிறது. வெளியே கால்சியம் குறைந்துபோனாலோ, நரம்பு அடங்காமல் காரணமின்றித் துடிக்கும். சின்னப்பொண்ணுக்கு நடந்தது அதுதான்.

நேற்று எலியின் இதயச் செல் ஒன்றில் வாசலை அடைக்கும் மருந்தை விட்டேன். எதுவும் உள்ளே போகவில்லை. துடிப்பு நின்றுவிட்டது. மருந்தைக் கழுவியதும் மறுபடி துடித்தது. உன்னை நினைத்துக்கொண்டேன். உன் கடிதம் வராத வாரங்களில் நானும் ஏறக்குறைய அப்படித்தான் இருக்கிறேன்.

உன்
தமிழ்வேந்தன்

வெள்ளிமலை,
28.8.1990

அன்புள்ள மாமாவுக்கு,

உங்களால் ஞாயிற்றுக்கிழமை நைனார்பாளையத்தில் ஒரே அமர்க்களம். அத்தைக்குக் கடிதத்தைப் படித்துக்காட்டினேன், எனக்கென்று எழுதியதை முழுங்கிவிட்டுத்தான். 'வாசலை அடைக்கும்', 'எதுவும் உள்ளே போகவில்லை' என்று வந்ததும் கையிலிருந்த முறத்தைக் கீழே போட்டுவிட்டார்கள்.

"எம்புள்ளய உள்ள வுடாம வாசல அடச்சிட்டாங்களா? அவன் இன்னா தப்பு பண்ணான்?" என்று ஒரே அழுகை. டெல்லியில் வேலை ஒதுக்கீட்டை எதிர்த்து மாணவர்கள் கலவரம் என்று ரேடியோவில் கேட்டார்களாம். அது எலியின் வாசல் அத்தை என்று சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. "எலிக்கு இன்னாத்துக்குமா வாசலு?" என்று கேட்டுவிட்டு மறுபடி அழுதார்கள். என்னால் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அத்தைக்கு இரண்டு வரி தனியாக எழுதுங்கள். தீபாவளிக்கு மூன்று நாள் லீவு கேட்டிருக்கிறேன். நீங்கள் வரும் நாளில் நான் ஊசி போடப் போனால் யார் கையில் குத்துவேனோ தெரியாது.

உங்கள்
செவ்வந்தி

டெல்லி,
17.9.1990

செவ்வந்தி,

அம்மா புரிந்துகொண்டதுதான் சரி.

நான் எழுதக் கூடாது என்றிருந்தேன். ஆய்வகத்தில் என்னோடு டீ குடித்தவர்கள் இப்போது பகலெல்லாம் சாலையில் நின்று, ஒதுக்கீடு ஒழிக என்று கத்துகிறார்கள். போன வாரம் ஒருவன் சிரித்துக்கொண்டே, "நீ எந்த வாசல் வழியாக வந்தாய்?" என்று கேட்டான். மறுநாள் நான்கு பேர் கதவருகே நின்றார்கள். அமைதியாகும்வரை நான் வராமலிருந்தால் எல்லோருக்கும் நல்லது என்றார்கள். ஆய்வகச் சாவியைக் கேட்டார்கள். கொடுத்துவிட்டேன். அப்போது வெளியூர் போயிருந்த என் பேராசிரியர் இப்போது வந்துவிட்டார், ஆனால் நான் போய்ப் பார்க்கவில்லை.

எனக்குப் போதும். நான் வருவது தீபாவளிக்கு இல்லை, ஒரேயடியாக. கள்ளக்குறிச்சியில் ஏதாவது பள்ளிக்கூடத்தில் வேலை கிடைக்காதா? தினமும் உன் முகத்தைப் பார்த்தால் போதும். அடுத்த மாதம் பத்தாம் தேதிக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன்.

தமிழ்வேந்தன்

வெள்ளிமலை,
26.9.1990

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை முதலில் படித்தபோது 'ஒரேயடியாக' என்ற வார்த்தை மட்டும்தான் கண்ணில் பட்டது. இரண்டு வருடமாக இந்த ஒரு வார்த்தைக்குத்தானே காத்திருந்தேன். அதன் பிறகுதான் மேலே இருந்ததைப் படித்தேன்.

மாமா, வராதீங்க.

உங்களை வெளியே தள்ளுவது அவர்களுக்கு அவ்வளவு சுலபமில்லை. நீங்களாகக் கிளம்பிவிட்டால் அந்த வேலையும் மிச்சம். அந்தச் சாவி அவர்கள் கொடுத்ததில்லை, பேராசிரியர் கொடுத்தது. போய்க் கேளுங்கள். நீங்கள் கேட்காமல் இருந்தால், நீங்களே கொடுத்துவிட்டுப் போனதாக அவரும் நினைத்துக்கொள்வார். அவர்கள் பகலெல்லாம் சாலையில் நிற்கிறார்கள் என்றீர்களே. அப்போது ஆய்வகம் காலியாகத்தானே இருக்கும்? உங்கள் எலிகளைப் பட்டினி போடாமல் வேலையைப் பாருங்கள். அடிதடி என்றால் மட்டும் அங்கே நிற்க வேண்டாம். உயிருக்கு மிஞ்சிய படிப்பு எனக்கு வேண்டாம்.

அத்தையிடம் எதுவும் சொல்லவில்லை. அடுத்தவர் கரும்புத் தோட்டத்தில் வெட்டிக் காய்த்துப்போன கையால் என் தலையைத் தடவி, "புள்ள எப்பம்மா வர்றான்?" என்று கேட்டார்கள். வேலை ஜாஸ்தி என்றேன்.

தீபாவளிக்காவது வரட்டுமா என்று கேட்பீர்கள். அதுவும் வேண்டாம். உங்களைப் பார்த்துவிட்டால் திருப்பி அனுப்ப என்னால் ஆகாது. பஸ்ஸின் படியிலேயே உட்கார்ந்து மறித்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

லீவை ரத்து செய்துவிட்டேன். டிக்கெட்டையும் ரத்து செய்துவிட்டீர்கள் என்று ஒரு வரி எழுதுங்கள். அதைப் படித்து நான் அழுவேன். பரவாயில்லை, எழுதுங்கள்.

உங்கள்
செவ்வந்தி