சமையல் மேடையின் உயரம்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். நீயும் நலமாகவே இருப்பாய் என்று நம்புகிறேன். நலமில்லாதது நம் சமையலறை மட்டும்தான். அதற்கும் இப்போது வைத்தியம் நடக்கிறது.

போனில் சொல்லக் கூடாதா என்பாய். போனில் நான் ‘சுவர்’ என்று ஆரம்பிப்பதற்குள் உன் வார்டில் யாராவது கூப்பிட்டுவிடுகிறார்கள். கடிதம் என்றால் வேலை முடிந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்து படிப்பாய். தவிர, ‘ஓட்டுநருடன் பேசாதீர்கள்’ என்ற பலகைக்குக் கீழேயே ஆயுசு பூராவும் பஸ் ஓட்டியவன் நான். பேச வேண்டியதெல்லாம் அப்படியே மிச்சம் இருக்கிறது.

சிங்குக்குப் பின்னால் சுவர் உப்பியிருந்தது உனக்குத் தெரியும். இந்த மழைக்கு அது இன்னும் மோசமாகி, பூச்சு பொலபொலவென்று கொட்ட ஆரம்பித்தது. மேலே டைல்ஸ் ஒட்டி மூடிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்துக் கடைத்தெருக் கோடியில் உள்ள டைல்ஸ் கடைக்குப் போனேன். கடையை நடத்துவது ஓர் அம்மா. விஷயத்தைக் கேட்டதும் அவர் ஒரு கல்லைக்கூட எடுத்துக் காட்டவில்லை.

“சுவர் உள்ளுக்குள்ள அழுதுக்கிட்டிருக்கு. மேல பவுடர் பூசினா நிக்குமா? தண்ணி எங்கேருந்து வருதுன்னு முதல்ல பாருங்க” என்றார்.

வாங்க வந்தவனை வெறுங்கையோடு அனுப்பும் வியாபாரியை அன்றுதான் பார்த்தேன். முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். ஆனால் குழாய்க்காரரைக் கூப்பிட்டுச் சுவரைத் திறந்து பார்த்தால், உள்ளே இருந்த இரும்புக் குழாய் தொட்ட இடத்தில் உதிர்கிறது. எத்தனை காலமாகக் கசிந்துகொண்டிருந்ததோ. அடிச்சுவர் பூராவும் ஓதம். டைல்ஸ் ஒட்டியிருந்தால் அடுத்த மழைக்கு எல்லாம் என் தலையில் விழுந்திருக்கும்.

திறந்ததுதான் திறந்தோம் என்று மின்சார வேலைக்காரரையும் பார்க்கச் சொன்னேன். ஃப்ரிட்ஜ், மிக்ஸி, தண்ணீர் சூடு செய்வது என்று எல்லாமே ஒரே ஒயரில் தொங்கிக்கொண்டிருந்தனவாம். அதன் மேலுறை அவர் விரல் பட்டதும் தூள் தூளாகிவிட்டது. இத்தனை நாள் தீப்பிடிக்காமல் இருந்ததே பெரிய விஷயம் என்றார். இப்போது ஒவ்வொன்றுக்கும் தனித்தனி ஒயர் போகிறது. நம் வீடு என்னைவிட வயதில் மூத்தது. வெளியே சட்டை போட்டு நிமிர்ந்து நின்றாலும் உள்ளே என்ன நோய் என்று யாருக்குத் தெரியும்?

மறுபடியும் கடைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அந்த அம்மா சிரித்துவிட்டு, இப்போது பாருங்கள் என்று தரைக்குப் பளபளவென்று ஒரு கல்லை எடுத்து வைத்தார். நான் சும்மா இருப்பேனா? அங்கேயே தண்ணீர் வாங்கி அதன்மேல் ஊற்றி, செருப்புக் காலை வைத்து இழுத்துப் பார்த்தேன். வழுக்கிக்கொண்டு போனது. “பிரேக் பிடிக்கலையேம்மா” என்றேன். கடையிலிருந்த எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் ஒரு நிமிடம் யோசித்து, நீங்கள் சொல்வது சரிதான் என்று சொரசொரப்பான கல்லைக் காட்டினார். பல கடைகளில் பல பேருடன் பேசியிருக்கிறேன். தன் சரக்கில் குறை சொன்னதும் ஒப்புக்கொண்டவர் இவர்தான்.

சாப்பாட்டைப் பற்றிக் கவலைப்படாதே. உடைப்பதற்கு முன்பே ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் ஒரு மேசை போட்டு, மின்சார அடுப்பை வைத்துக்கொண்டேன். பாத்திரம் கழுவக் குளியலறை. செய்தி பார்த்துக்கொண்டே முட்டை பொரிக்கிறேன். ராஜ வாழ்க்கை.

நேரத்துக்குச் சாப்பிடு. நோயாளிகளைப் பார்த்துக்கொள்வதில் பாதியாவது உன்னைப் பார்த்துக்கொள்.

உன் அப்பா

*

அன்பு மகளுக்கு,

உன் பதில் வந்தது. ஹாலில் துணி காயப்போடாதே, அடுப்புப் பக்கத்தில் திரைச்சீலை தொங்கவிடாதே என்று நீ எழுதிய எல்லாவற்றையும் செய்துவிட்டேன். இனி நான் சொல்லப்போவதைப் பயப்படாமல் படி. எல்லோரும் பத்திரமாக இருக்கிறோம், வீடு உட்பட.

சமையலறைக்கும் சாப்பிடும் அறைக்கும் நடுவில் இருக்கும் சுவரை எடுத்துவிட எனக்கு ஆசை வந்தது. இரண்டும் ஒன்றானால் எவ்வளவு வெளிச்சம்! நம் கொத்தனாரைக் கேட்டேன். தெருவில் அவருக்கு ‘உடனே’ என்று பெயர். எதைக் கேட்டாலும் அந்த ஒரு வார்த்தைதான் வாயில் வரும். சுவரா, உடனே எடுத்துவிடலாம் என்றார்.

அவர் சுவரை எடுக்க வருவதற்கு முந்தின நாள் கடைக்கார அம்மா அலமாரிகளுக்கு அளவெடுக்க வந்திருந்தார். பழைய வீட்டில் சுவர் நேராக இருக்கும் என்று நம்பி அலமாரிக்குச் சொல்லிவிடக் கூடாதாம். மேலே, நடுவில், கீழே என்று மூன்று இடத்தில் அளந்தார். மூன்றும் மூன்று அளவு. தரையில் ரசமட்டத்தை வைத்தால் குமிழி ஒரு பக்கமாக ஓடிப்போய் உட்கார்ந்துகொண்டது. நம் சமையலறையில் உருட்டிவிட்ட எலுமிச்சம்பழம் எப்போதும் கதவுப் பக்கமே போனது ஏன் என்று அன்றுதான் புரிந்தது. முதலில் தரையைச் சமன் செய்யுங்கள், பிறகு அலமாரி என்றார்.

அந்த உற்சாகத்தில் சுவர் விஷயத்தைப் பெருமையாகச் சொன்னேன். அவர் அண்ணாந்து பார்த்து, இதற்கு நேர் மேலே என்ன இருக்கிறது என்று கேட்டார். உன் அறைச் சுவர், அதற்கும் மேலே தண்ணீர்த் தொட்டி என்றேன். ஓர் இன்ஜினியரைக் கேட்காமல் கை வைக்காதீர்கள் என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. மலைப்பாதையில் அறுபது பேரை வைத்துக்கொண்டு வளைவு திரும்பியவனுக்கு ஒரு சுவரைப் பற்றிப் பாடமா? ஏதோ சொன்னேன். அவரும் ஏதோ சொன்னார். போட்ட டீயைக் குடிக்காமலேயே போய்விட்டார்.

மறுநாள் ‘உடனே’ சம்மட்டியோடு வந்தார். மேல் வரிசையில் நாலைந்து செங்கல்தான் எடுத்திருப்பார். நான் கீழே நின்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தேன். மேலே ‘மளுக்’ என்று ஒரு சத்தம். என் கைமேல் மண் கொட்டியது. நிறுத்தச் சொல்லிக் கத்திவிட்டு மாடிக்கு ஓடினேன். உன் அறைக் கதவு திறக்கவில்லை. நிலை இறங்கிக் கதவை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது. சுவரில் மேலிருந்து கீழே ஒரு விரிசல்.

‘உடனே’யின் முகத்தைப் பார்க்க வேண்டுமே, வெளுத்துவிட்டது. ஆனாலும் ஓடிப்போகவில்லை, பாவம். இருந்த மரத்தையெல்லாம் கொண்டுவந்து முட்டுக் கொடுத்தார். மேலே பாரம் குறையட்டும் என்று நான் தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டேன். பிறகு ஒரு பெண் இன்ஜினியர் வந்து பார்த்தார். மாடி பூராவும் அந்தச் சுவர்மேல்தான் உட்கார்ந்திருக்கிறதாம். முழுதாக எடுக்கக் கூடாது, ஆனால் இரண்டு பக்கமும் தூண் விட்டு, மேலே இரும்பு உத்தரம் கொடுத்து, நடுவில் அகலமாகத் திறக்கலாம் என்று வரைந்து கொடுத்தார். கேட்டவுடன் எனக்கு மறுபடியும் உற்சாகம் வந்துவிட்டது. வெளிச்சம் கிடைக்கப்போகிறதே.

சாயங்காலம் கடைக்குப் போனேன். சொல்லிக் காட்டப்போகிறார் என்று தயாராகத்தான் போனேன். நடந்ததைச் சொன்னேன். அவர் அப்படி எதுவும் சொல்லிக் காட்டவில்லை.

“மண்ணு விழுறப்ப நீங்க எங்க நின்னீங்க?” என்றார்.

கீழேதான் என்றேன். அவர் கையிலிருந்த கல்லை மேசைமேல் வைத்தார். “இனிமே அடியில நிக்காதீங்க” என்றார். அவ்வளவுதான் சொன்னார். திரும்பி நடந்து வரும்போது வீட்டு வழியைத் தாண்டி பஸ் நிலையம் வரைக்கும் போய்விட்டேன்.

உன் அறைச் சாமான்களைத் துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். ஒன்றும் பாழாகவில்லை. தூக்கத்தைக் குறைத்துக்கொள்ளாதே.

அப்பா

*

என் அன்பு மகளே,

நீ கேட்டிருந்தாய்: “சமையலறையைப் பத்தி எழுதுறேன்னு சொல்லிட்டு கடிதம் பூரா அந்தக் கடைக்காரம்மாதான் வர்றாங்க. என்னப்பா விஷயம்?” அதை வாசித்துவிட்டுத் தனியாக உட்கார்ந்து சிரித்தேன். பிறகு பதில் எழுத உட்கார்ந்தால் பேனா ஓடவில்லை. மூன்று தாளைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. உத்தரம் ஏறிவிட்டது. சுவரைத் திறந்த அன்று காலை, கிழக்கு ஜன்னல் வெயில் சாப்பாட்டு மேசை வரைக்கும் வந்து விழுந்தது. நானும் ‘உடனே’யும் நின்று பார்த்துக்கொண்டிருந்தோம். தரை சமமாகிவிட்டது. சுவர் நன்றாகக் காய்ந்த பிறகே டைல்ஸ் ஒட்டினோம். புகை போக வெளிப்பக்கம் குழாய் விட்டாயிற்று. உன் கதவும் திறக்கிறது.

இனி நீ கேட்டது. அந்த அம்மா எனக்கு ஐந்து வயது இளையவர். கணவர் இறந்து பல காலம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. போன வாரம் தரை வேலை முடிந்ததும் பார்க்க வந்திருந்தார். இரண்டு பேரும் காலியான சமையலறையில் நின்று டீ குடித்தோம். எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, இந்தச் சமையலறை முடிந்ததும் நீங்களும் இங்கேயே இருக்கலாமே என்று கேட்டுவிட்டேன். கேட்ட விதம் கோணல்மாணல். “சமையலுக்கு ஆள் தேடுறீங்களா?” என்றார். நான் பதறிப்போய், “சமையல் நான் பண்ணிடுவேன். கூட உக்காந்து சாப்பிடத்தான் ஆள் இல்ல” என்றேன்.

அவர் டீயை முழுசாகக் குடித்து முடித்தார். பிறகு, “உங்க பொண்ணுகிட்ட சொல்லிட்டீங்களா?” என்றார். இன்னும் இல்லை என்றேன். “அவங்ககிட்ட சொல்லாம நான் இந்த வாசப்படி ஏற மாட்டேன்” என்று சொல்லிவிட்டுப் போனார். அதன் பிறகு மிச்ச டைல்ஸையும் ஆள்மூலம்தான் அனுப்பினார்.

உன் அம்மாவின் இடத்தில் யாரையும் வைப்பதாக நினைத்துவிடாதே. அப்படி வைக்கவும் முடியாது. உனக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. அவள் போன பிறகு எட்டு வருடம் வாழ்ந்தது போதும் என்று இருந்தவனுக்கு, இப்போது காலையில் எழுந்ததும் சட்டையைத் தேய்த்துப் போட்டுக்கொள்ளத் தோன்றுகிறது. இந்த வயதில் இது என்ன கூத்து என்று எனக்கே வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் சந்தோஷமாக இருக்கிறேன். அதை உன்னிடம் மறைக்கத் தெரியவில்லை.

இன்னும் ஒரே ஒரு வேலைதான் பாக்கி. சமையல் மேடைக்குக் கல் வெட்ட வேண்டும். பழைய மேடை உன் அம்மாவின் உயரத்துக்குக் கட்டியது. அவள் குள்ளம். அதில் குனிந்து குனிந்துதான் எனக்கு முதுகு போனது. அந்த அம்மா என்னைவிட ஒரு விரற்கடை உயரம். ஆகவே அடுப்பு இருக்கும் பக்கம் உயர்த்திக் கட்டலாம் என்கிறார் மேடைக்கு அடியில் அலமாரி செய்யும் தச்சர். ஜன்னல் பக்கத்தில், காய் நறுக்க, தனியாக ஒரு பகுதி விட்டிருக்கிறேன். அதன் உயரம் மட்டும் இன்னும் முடிவாகவில்லை. அது உனக்கு.

நீ வருடத்துக்கு ஒரு முறைதான் வருவாய், அதற்கு எதற்கு என்பாய். ஒரு நாள் வந்தாலும் நீ குனியக் கூடாது. செருப்பில்லாமல் நேராக நின்று, கையை மடக்கி, முழங்கையிலிருந்து தரை வரைக்கும் அளந்து எழுது. தச்சரைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். கோபமாக இருந்தால் கோபத்தையும் எழுது, நான் தாங்கிக்கொள்வேன். யோசிக்க நாள் வேண்டும் என்றால் எடுத்துக்கொள். என்ன எழுதினாலும் சரி, அளவை மட்டும் எழுதாமல் விட்டுவிடாதே, அம்மா.

நீ நன்றாக இருக்க வேண்டும்.

உன் அப்பா