பிளாக் மாறிப்போன வைரம்

மாப்பிள்ளை,

தில்லிக்குக் குளிர் வந்துவிட்டது. இரும்புப் பெட்டியிலிருந்து உங்கள் ரஜாயை, அந்தப் பஞ்சுப் போர்வையை, எடுத்தேன். வீடெல்லாம் அந்துருண்டை வாசம். பஞ்சு கட்டிதட்டிப் பலகையாகியிருந்தது. உங்கள் மகள் அதன்மேல் உட்கார்ந்து கேட்டாள்: "சச்-சச், நிஜமாச் சொல்லுங்க மாமா. அப்பா கடைசியில கண்டுபிடிச்சாரா, இல்லையா?"

எதற்கும் என்னிடம் பதில் உண்டு என்று சரோஜினி நகர் முழுக்கத் தெரியும். இந்த முறை அந்துருண்டைகளைப் பொறுக்கத் தொடங்கினேன். களைப்பு, மாப்பிள்ளை.

அந்த ஞாயிற்றுக்கிழமை நினைவிருக்கிறதா? இதே ரஜாயைப் பிரித்துப்போட்டுப் பஞ்சு அடிப்பவர் புல்வெளியில் வில்லைத் தட்டிக்கொண்டிருந்தார். வெயிலில் வேர்க்கடலை உரித்தபடி பாதிக் காலனி கூடியிருந்தது. நட்சத்திர ஆராய்ச்சி செய்கிற என் மாப்பிள்ளை செத்த நட்சத்திரத்தின் வயிற்றைக் கணக்காலேயே கிழித்துப் பார்த்துவிட்டார், நடுவில் யானை யானையாக வைரம், வெள்ளைக்காரர்கள் அவர் வாசலில் நிற்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். எட்டாவதோடு நின்றவன்தான், ஆனால் சொல்கிற விதம் ஒன்று இருக்கிறதே. நீங்கள் பாலோடு வந்ததும் மேல்வீட்டு செக்‌ஷன் ஆபீசர் பிடித்துக்கொண்டார். "என்ன சார், வைரமாமே? உங்க மச்சான் நெக்லஸுக்கு அளவே எடுத்துட்டார்."

என் மானம் உங்கள் நாக்கில் தொங்கியது.

"வைரம் மாதிரி இறுகறது உண்டு சார். அது வேற ஜாதி செத்த நட்சத்திரம். மச்சான் வீட்டு நம்பரைச் சரியாத்தான் சொன்னார், பிளாக்தான் மாறிப்போச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். அத்தனையும் ஒரே அச்சு குவார்ட்டர்ஸ். அந்த ஆபீசரே ஒருநாள் தன் வீடென்று நினைத்து எங்கள் வீட்டுக்குள் வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு டீ கேட்டவர்.

"சரி, உங்க பிளாக்ல நடுவுல என்ன?"

பழைய பஞ்சில் ஒரு பிடி எடுத்து அமுக்கிக்கொண்டே சொன்னீர்கள். மேலே கெட்டியான ஓடு, உள்ளே நியூட்ரான்கள். எரிய வேண்டியதெல்லாம் எரிந்து தீர்ந்த பிறகும், இதற்குமேல் நெருங்க மாட்டோம் என்று அவை முட்டிக்கொண்டு நிற்பதால்தான் இடிந்து விழாமல் இருக்கிறதாம். "நட்டநடுவுல என்னன்னு எனக்குத் தெரியாது சார். யாருக்கும் தெரியாது. அதைத்தான் தேடறேன்."

அத்தனை பேர் முன்னால் தெரியாது என்றுவிட்டு, பாலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டீர்கள். எனக்குத்தான் முகம் சுருங்கியது. சும்மா ஒன்று சொல்லிவைத்தால் என்ன என்று பிறகு சண்டைக்கே வந்தேன். சிரித்தீர்கள்.

எனக்கு அடுத்த வருடம் ஓய்வு. வீட்டைக் காலி செய்ய வேண்டும். தங்கை பேசுவதைக் குறைத்துக்கொண்டாள். நீங்கள் கண்ணை மூடிய பிறகு இங்கே எரிவது ஒன்றுமில்லை. ஒருவரை ஒருவர் முட்டிக்கொண்டு நிற்கிறோம்.

உங்கள் மகளுக்குச் சொல்லக் கதை தயாராகத்தான் இருந்தது. பரிசு, பாராட்டு, விமான டிக்கெட் எல்லாம் அதில் உண்டு. சொன்னால் நம்பியிருப்பாள்.

"இல்லம்மா. அப்பாவுக்குத் தெரியல. இன்னும் யாருக்கும் தெரியல" என்றேன்.

ரஜாயைக் கொஞ்ச நேரம் விரலால் அமுக்கிப் பார்த்தாள். "அச்சா. அப்ப வேலை இன்னும் இருக்கு" என்றாள். உங்கள் குரல் அப்படியே.

பஞ்சை அடிக்கக் கொடுக்கலாம் என்றாள் தங்கை. வேண்டாம் என்றுவிட்டேன். அதைத்தான் போர்த்திக்கொண்டு எழுதுகிறேன். தில்லியில் இவ்வளவு கனமான ரஜாய் வேறு யாரிடமும் கிடையாது மாப்பிள்ளை. இதை நான் கூட்டிச் சொல்லவில்லை.