இருநூற்று எண்பத்தெட்டாம் வரி

தெமிர்தாவ்,
பிப்ரவரி 9

மதிப்பிற்குரிய பிரிவுத் தலைவர் செரிக்காலி அவர்களுக்கு,

பத்தொன்பது வருடம் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, ஒரே கெட்டிலில் தேநீர் குடித்தவருக்கு இப்படி எழுதுவது எனக்கும் புதிது. உத்தரவு அனுப்புகிறவருக்கு வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மார்ச் ஒன்று முதல், சர்வரில் நான் விசைகளாலேயே நிரல் எழுதும் கறுப்புத் திரை மூடப்படுமாம். எல்லோரும் மவுஸைப் பிடித்துக்கொண்டு புதிய எடிட்டரில்தான் நிரல் எழுத வேண்டுமாம். அதையும் போட்டுப் பார்த்தேன். பார்க்காமல் பேசுகிறவள் இல்லை நான். குளிர்காலத்தில் வீடுகளுக்குச் சூடு அனுப்பும் நம் வெப்பக் குழாய்களை இயக்கும் ஒன்பது லட்சம் வரிகளையும் அது என் மடிக்கணினிக்கு இழுத்தது. எங்கள் வீட்டு இணைப்பில் அதற்கு ஒரு மணி நேரம். பிறகு விசிறி சமோவார் போல இரைந்தது. பிறகு திரை உறைந்தது.

கறுப்புத் திரையில் நிரல் சர்வரிலேயே கிடக்கிறது. எனக்கு வந்து போவது எழுத்துகள் மட்டும். ஒரு பம்பின் பெயர்மேல் கர்சரை வைத்து இரண்டு விசை தட்டினால் அது எழுதப்பட்ட இடத்தில் போய் நிற்கும். இன்னும் இரண்டு தட்டினால் அதை எங்கெல்லாம் பயன்படுத்துகிறார்கள் என்ற பட்டியல் வரும். ஒன்பது லட்சம் வரியிலும் ஒரு சொல்லைத் தேட மூன்று நொடி.

டிசம்பரில் நிரல்களைச் சேமித்து வைக்கும் மூன்று கிடங்குகளையும் ஒன்றாக்கினீர்களே, அதற்கேற்ப இதையெல்லாம் புதிதாக அமைக்க எனக்குப் பதினோரு நாள் ஆனது. என் எடிட்டர் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்லும் அமைப்புக் கோப்பு 412 வரி. கொதிகலன் அறையில் வேலை பார்த்துக்கொண்டே, அட்டை கிழிந்த ரஷ்யப் புத்தகம் ஒன்றில் கற்றவள் நான். பட்டம் இல்லை. காட்டுவதற்கு அந்த 412 வரிதான் உண்டு.

முழங்கால் போன பிறகு வீட்டிலிருந்து நான் வேலை செய்ய இருக்கும் ஒரே வழி அந்தத் திரை. என்னை வெளியே அனுப்புவதென்றால் அதையே நேராக எழுதியிருக்கலாம்.

இப்படிக்கு,
உங்கள் பிரிவு ஊழியர்,
ரைஹான்


கரகந்தா,
பிப்ரவரி 12

அன்புள்ள ரைஹான் அக்கா,

‘அவர்களுக்கு’ என்று படித்ததும் தேநீரைத் தள்ளி வைத்துவிட்டேன். திட்டுங்கள், பழகியதுதான். இப்படி மரியாதை மட்டும் வேண்டாம்.

சொல்லக் கூடாது என்றிருந்தேன். ஜனவரி 17 அன்று, வெளியே மைனஸ் முப்பத்தொன்று இருந்தபோது, பன்னிரண்டு கட்டடங்களில் ஐந்து மணி நேரம் ரேடியேட்டர் சில்லிட்டுக் கிடந்தது நினைவிருக்கிறதா? அன்று காலை நீங்கள் பம்ப் அட்டவணையில் ஒரே ஒரு எண்ணைத் திருத்திச் சேமித்தீர்கள். மாறியது ஒரு எண் அல்ல, 2,114 வரிகள். அந்த அட்டவணையில் ஒவ்வொரு வரியும் நாற்பது எழுத்து நீளம் இருக்க வேண்டும். கடைசியில் எழுத்தில்லாமல் விட்ட வெற்றிடங்களும் கணக்கில் சேரும். உங்கள் எடிட்டர் சேமிக்கும்போது வெற்றிடங்களையெல்லாம் வழித்து எறிந்துவிட்டது. வரி நீளம் குறைந்ததும் அட்டவணையைப் படிக்க முடியாமல் பம்புகள் நின்றுவிட்டன.

இயக்குநர் மேஜையைத் தட்டினார்.

“யாருய்யா அது? பேரைச் சொல்லு!”

“பிரிவோட தப்புங்க ஐயா.”

“பிரிவுக்குக் கை இருக்கா? யாரோட கை?”

உங்கள் பெயரை நான் சொல்லவில்லை. “அப்படின்னா எல்லாரும் ஒரே எடிட்டர்ல எழுதுங்க. போ!” என்றார். உத்தரவு வந்த கதை இதுதான். உங்களுக்காகத்தான் பேசாமல் இருந்தேன், அக்கா. கொஞ்சம் விட்டுக்கொடுங்கள். வேகமான இணைப்புக்கு நான் ஏற்பாடு செய்கிறேன்.

உங்கள் தம்பி,
செரிக்காலி


தெமிர்தாவ்,
பிப்ரவரி 15

செரிக்காலி,

மரியாதை வேண்டாம் என்றாய். சரி, எடுத்துவிட்டேன்.

மூன்று நாள் என் கோப்பை வரி வரியாகப் படித்தேன். 288-ஆம் வரி: சேமிக்கும்போது வரிக் கடைசி வெற்றிடங்களை நீக்கு. பக்கத்தில் ‘செ., 2006’ என்று குறிப்பு. என் அம்மா இறந்த நாற்பதாம் நாள் விருந்துக்கு நான் போயிருந்தபோது என் நாற்காலியில் உட்கார்ந்து நீ போட்ட வரி. திரும்பி வந்ததும் சண்டை போட்டோமே!

“வரிக் கடைசியெல்லாம் அழுக்கு மாதிரி இடம் விட்டு வெச்சிருக்கீங்க அக்கா. கூட்டித் தள்ளிட்டேன்.”

“என் அழுக்குடா அது! உன்னை யாரு துடைப்பம் எடுக்கச் சொன்னா?”

அதற்குப் பிறகுதான் 289-ஆம் வரியை நான் சேர்த்தேன்: அட்டவணைக் கோப்புறையில் மட்டும் நீக்காதே. பதினெட்டு வருடம் அது காவல் காத்தது. டிசம்பரில் கிடங்குகளை ஒன்றாக்கியபோது அந்தக் கோப்புறையை வேறு இடத்துக்கு மாற்றியது யார்? நீ. யாரிடமாவது சொன்னாயா? என் 289-ஆம் வரி காலி வீட்டு வாசலில் காவல் நின்றுகொண்டிருந்தது.

என் தப்பும் இருக்கிறது, மறைக்க மாட்டேன். புதிதாக அமைக்கும்போது அந்தக் கோப்புறையின் முகவரியை நான் சரிபார்க்கவில்லை. ஜனவரி 17 அன்று கிடங்கில் சேர்ப்பதற்கு முன் என்ன மாறியிருக்கிறது என்று பார்த்தேன்; ஆனால் வெற்றிட மாற்றங்கள் கண்ணை உறுத்துகின்றன என்று அவற்றை மறைத்துக் காட்டும்படி நானே அமைத்திருந்தேன். அதனால் ஒரு எண் மட்டும்தான் என் கண்ணில் பட்டது. பன்னிரண்டு கட்டடங்களில் குழந்தைகள் கோட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். இதை எனக்கு ஒரு மாதம் கழித்துச் சொல்கிறாய்!

எனக்காகப் பேசாமல் இருந்தாயா? என் பெயர் வந்திருந்தால் அடுத்த கேள்வி கோப்புறையை நகர்த்தியது யார் என்பது. உன் முதுகை மறைக்க எனக்குப் போர்வை போர்த்தாதே. குளிரில் கிடந்தாலும் கிடப்பேன், அந்தப் போர்வை வேண்டாம்.

ஜனவரி 17 பற்றி அறிக்கை எழுதிக் கிடங்கில் சேர்த்துவிட்டேன். இயக்குநருக்கும் நகல் போயிருக்கிறது. என் தப்பு என் முழுப் பெயரோடு இருக்கிறது. அதன் கீழே ‘கோப்புறையை இடம் மாற்றியவர்’ என்று எழுதி, எதிரே காலியாக விட்டிருக்கிறேன். உன் பெயரை நான் எழுத மாட்டேன்.

ரைஹான்


கரகந்தா,
பிப்ரவரி 21

அக்கா,

என்ன காரியம் செய்துவிட்டீர்கள்! தலைமைப் பொறியாளர் பதவிக்கு என் பெயர் போயிருப்பது உங்களுக்குத் தெரியும். முடிவு இந்த மாதக் கடைசியில். இயக்குநர் அந்தக் காலி இடத்தைக் காட்டி, “இது என்ன, அச்சுப் பிழையா?” என்று கேட்டார். “விசாரிக்கிறேங்க” என்றேன். உங்கள் பெயர் வந்துவிட்டதால் முதல் தேதி உங்கள் சர்வர் கணக்கைத்தான் முதலில் மூடச் சொல்கிறார்.

அந்தக் கடைசி வரியை எடுத்துவிடுங்கள். உங்கள் கணக்குக்காக நான் போராடுகிறேன். கணக்கும் வேண்டும், அந்த வரியும் வேண்டும் என்று கேட்காதீர்கள்.

செரிக்காலி


தெமிர்தாவ்,
மார்ச் 1

தம்பி செரிக்காலிக்கு,

உன் கடிதத்துக்குப் பதில் போடக் கூடாது என்று எட்டு நாள் இருந்தேன். பேரமா பேசுகிறாய் என்ற கொதிப்பு.

இன்று காலை, பூட்டித்தான் இருக்கும் என்று நினைத்தே கடவுச்சொல்லை அடித்தேன். திரை திறந்தது. தவறு என்று நினைத்து வெளியே வந்து மறுபடி அடித்தேன். மறுபடியும் திறந்தது. பிறகுதான் அறிவிப்பைப் பார்த்தேன்: எடிட்டர் உத்தரவு ரத்து, இனி அட்டவணைகளின் வரி நீளத்தைக் கிடங்கே சோதித்து, குறைந்தால் ஏற்க மறுக்கும். இதைத்தான் முதல் நாளே செய்திருக்க வேண்டும்.

அதன் கீழே இன்னொரு அறிவிப்பு. தலைமைப் பொறியாளர் யார் என்று. உன் பெயர் இல்லை.

அறிக்கையைத் திறந்தேன். காலி இடம் நிரம்பியிருந்தது. ‘செரிக்காலி. யாரிடமும் சொல்லாமல் மாற்றினேன். கேட்டபோதும் சொல்லவில்லை.’ இருபத்தெட்டாம் தேதி மதியம் சேர்த்திருக்கிறாய். எனக்கு ஒரு வார்த்தை எழுதவில்லை.

கோபம் போகவில்லை. ஒரு மாதம் என்னை முட்டாளாக உட்கார வைத்ததற்கான கோபம் அது. ஒரே வரியில் தீராது. வசந்தப் புத்தாண்டான நௌரூஸுக்கு முன் மனத்தாங்கல்களைத் தீர்த்துக்கொள்வதுதானே நம் வழக்கம். அதற்கு இன்னும் மூன்று வாரம் இருக்கிறது. அதுவரை கோபமாகத்தான் இருப்பேன். அன்றைக்குக் கஞ்சி இங்கே காய்ச்சுகிறேன்; கேக் கீக் வாங்கி வராதே.

289-ஆம் வரியில் புதிய முகவரி எழுதிவிட்டேன். வெற்றிடம் நீக்கக் கூடாத இடங்களில் அறிக்கைக் கோப்புறையையும் கூடவே சேர்த்தேன். நீ எழுதிய வரியின் கடைசியில் இரண்டு வெற்றிடம் விட்டிருக்கிறாய், அழுக்கு மாதிரி. அவை அப்படியே இருக்கட்டும்.

அக்கா,
ரைஹான்