கங்குச் சட்டி

மார்கழி 3, 1994

மச்சான் இன்றைக்கும் ஸ்வெட்டரைக் கழற்றித் தலைக்கு வைத்துப் படுத்திருக்கிறார். கேட்டால் தலையணை தணிவாக இருக்கிறதாம். பனி படவே கூடாது, நெஞ்சில் சளி கட்டிவிடும் என்று டாக்டர் சொன்னபோது பக்கத்தில் உட்கார்ந்து தலையை ஆட்டியது யாரு? இவர்தானே?

என் அக்கா ராசாத்தாளின் புருசன், அழகிரிசாமி. அக்கா போன பிறகு, பிள்ளை இல்லாத மனுசன் என்று நான்தான் துடியலூருக்குக் கூட்டி வந்தேன். மகன் கதிர் லேத்துப் பட்டறைக்கும் மருமகள் பொற்கொடி மில்லுக்கும் போய்விட்டால், பகல் முழுக்க எழுபது வயசுக் கிழவன் எண்பது வயசுக் கிழவனைப் பார்க்க வேண்டும்.

கை வலிக்கிறது. அறிவொளி வகுப்பில் வயசு போன காலத்தில் கற்ற எழுத்து. எழுதுவதைப் பார்த்துவிட்டு, "ஏனுங் மாப்ளே, என்ற மேல பெட்டிசனுங்களா?" என்கிறார்.

ஆமாம். பெட்டிசன்தான்.

மார்கழி 6

சன்னல் சண்டை. நான் சாத்துகிறேன், அவர் திறக்கிறார். மேற்கே மலைப் பக்கமிருந்து காற்று ஊசியாட்டம் வருகிறது. இடுக்கிலெல்லாம் பழைய சேலையைத் திணித்து, கொக்கியைக் கம்பி போட்டு முறுக்கிவிட்டேன்.

"என்னையக் காப்பாத்தறீங்களா, ஊறுகாய் போடறீங்களா?" என்றார். பொற்கொடி சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மார்கழி 9

இருமல் கூடிவிட்டது. கதிர் ராத்திரி சோறு தின்னும்போது ஆரம்பித்தான். "உங்களால ஆகாதுங்கப்பா. மாமனை அவிநாசியில அவரு தம்பி மகன் ஊட்டுல உட்டுப்போடலாமுங்க."

அந்த வீட்டை நான் பார்த்திருக்கிறேன். தறிக் குடோனுக்குப் பின்னால் தகரச் சாய்ப்பு. அதில்தான் படுக்க வைப்பார்கள். அக்கா கடைசியாக என் கையைப் பிடித்துச் சொன்னது ஒன்றே ஒன்று: அவரை எங்கேயும் உட்றாதே. பொங்கல் வரை பொறு, இருமலை நிறுத்திக் காட்டுகிறேன் என்று கதிரிடம் சொல்லிவிட்டேன். எப்படி நிறுத்துவது?

மார்கழி 10

அடுப்பிலிருந்து கங்கு அள்ளி மண்சட்டியில் போட்டுக் கட்டிலடியில் வைத்தேன். மேலே கொஞ்சம் நொச்சித் தழை. கொசுவும் போகும். அறை அடைகாக்கிற மாதிரி வெதுவெதுப்பாகிவிட்டது. நல்ல ரோசனைங்க மாமா என்றாள் பொற்கொடி.

மார்கழி 13

கங்கு வைத்தும் இருமல் நிற்கவில்லை. சூடு பத்தவில்லை போல. இன்னொரு சட்டி வைத்தேன்.

விடியக்காலை பார்த்தால் கட்டிலில் ஆள் இல்லை. வாசலில் துவைக்கிற கல்மேல் வெறும் பனியனோடு உட்கார்ந்திருக்கிறார், தலைமேலே பனி! வாயில் வந்ததையெல்லாம் பேசிப்போட்டேன். சாகறதுன்னா அவிநாசிக்குப் போயிச் சாவுங்கன்னு கூட. திருப்பி ஒரு கிண்டல் இல்லை. எழுந்து உள்ளே போய்ப் படுத்துக்கொண்டார். அதுதான் பொறுக்கவில்லை.

மார்கழி 14

கடைக்குப் போகும்போது கதவுக்கு வெளித்தாழ் போட்டுவிட்டுப் போனேன். வேறென்ன செய்ய?

மார்கழி 17

காலையிலிருந்து மச்சானுக்குத் தலைவலி. கஞ்சி குடித்ததும் வாந்தி. எழுந்தால் கால் நிற்கவில்லை. சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. சிமினி விளக்கைப் பற்ற வைத்துக் கொண்டுபோனேன். கீழே வைங்க என்று கையைக் காட்டினார். வைத்தேன். சுடர் ஒடுங்கியது. திரியைத் தூண்டினேன். மறுபடியும் ஒடுங்கியது.

"கிணறாட்டம் இருக்குதுங்க மாப்ளே" என்றார்.

கிணறு வெட்டுகிற ஆள் அவர். ஒரு வருசம் சரவணம்பட்டிப் பக்கம் பாறைக் கிணறு வெட்டினோம். வெடி வைத்த மறுநாளெல்லாம் முதலில் விளக்கைக் கட்டி இறக்குவார். சுடர் ஒடுங்கினால் ஒருத்தனையும் உள்ளே விடமாட்டார். வேப்பங்கொப்பைக் கயிற்றில் கட்டி மேலும் கீழும் இழுக்கச் சொல்வார், உள்ளே இருக்கிற கெட்ட காற்று மாறும் வரைக்கும். இழுத்தவன் நான். அந்த வருசம் செத்த மாட்டின் நிறம் கூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. இது மட்டும் எங்கே போச்சு?

சட்டி ரெண்டையும் வாசலில் வீசினேன். சன்னல் கொக்கியில் முறுக்கிய கம்பி பிரியவில்லை, அரிவாள்மனைக் கட்டையால் கொக்கியோடு சேர்த்து உடைத்தேன். மச்சானைக் கக்கத்தில் தாங்கி வெளியே இழுத்து வந்தேன். சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கினார். ரொம்ப நேரம்.

முன்னமே சொல்லக் கூடாதா என்று கேட்டேன். சன்னலைத் திறந்தபோதும், வாசலில் போய் உட்கார்ந்தபோதும் வேறென்ன சொன்னேன் என்றார். அப்புறம் பக்கத்தில் என்னை இழுத்து உட்கார வைத்துக்கொண்டு கேட்டார்:

"கயித்தப் புடிச்சவருக்கே மறந்துபோச்சுங்களா?"

மார்கழி 18

டாக்டர் மச்சானைத் திட்டவில்லை. என்னைத் திட்டினார்.

மார்கழி 24

பேச்சுவார்த்தை முடிந்தது. சன்னல் ஒரு கை அகலம் திறந்திருக்கும். அவர் ஸ்வெட்டரைக் கழற்ற மாட்டார். காலடிக்குச் சுடுதண்ணி ஊற்றிய புட்டி, துணி சுற்றி. அது ஒழுகுகிறது, நான் மூடத் தெரியாமல் மூடினேனாம். சோறு குழைவாம். சுக்குக் காப்பியில் சுக்கே இல்லையாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு நொட்டைச் சொல். வாந்தி இல்லை, தலைவலி இல்லை. இருமல் பாதியாகக் குறைந்தது, நிற்கவில்லை.

சளி இப்போது எனக்கு.

மார்கழி கடைசி நாள்

காப்புக் கட்டு. கதிர் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ எல்லாம் சேர்த்துக் கூரையில் செருகிக்கொண்டிருந்தான். பொங்கல் கெடு நாளையோடு முடிகிறது. உள்ளே மச்சான் இருமினார். கதிர் என்னைப் பார்த்தான். நான் அடுத்த ஆவாரங்கொத்தை எடுத்து நீட்டினேன்.

மச்சான் உள்ளேயிருந்து குரல் கொடுத்தார், வேப்பங்கொப்பு ஒன்று பெரிசாகச் சன்னலுக்கும் கட்டச் சொல்லி. எதுக்குங்க மாமா இவ்வளவு பெரிசு என்று கேட்டான் கதிர். உங்கப்பனைக் கேளு என்றார். சொன்னேன், விளக்கிலிருந்து எல்லாம். என் வாயாலேயே.

கதிர் கொப்பைக் கட்டினான். சைக்கிளை எடுத்துக்கொண்டு எங்கேயோ போனான். திரும்பி வந்து சட்டைப் பையிலிருந்து ஒரு புதுக் கொக்கியை எடுத்தான். சன்னலைச் சாத்துகிற கொக்கி இல்லை. திறந்து நிறுத்துகிற நீளக் கொக்கி. சுவரில் ஆணி அடித்து மாட்டி, ரெண்டு தரம் ஆட்டிப் பார்த்துவிட்டுக் கை கழுவப் போய்விட்டான்.

சன்னலில் கொப்பு ஆடுகிறது. "மாப்ளே, மஃப்ளரைச் சுத்துங்க. பனி" என்கிறார்.