நீ கேட்ட நிலாவில் தண்ணி இருக்கும்மா

என் ஐந்தருவிக்காரி அம்மாவுக்கு,

சாரல் விழ ஆரம்பிச்சிட்டும்மா. தென்காசியில யார் வீட்டுலயும் துணி காயலை. ஐந்தருவியில நீ எண்ணெயும் துண்டும் வித்த இடத்துல இப்ப ஒருத்தன் மிளகாய் பஜ்ஜி போடுதான். இது எங்கம்மா இடம்னு அவன்கிட்ட சொல்ல வாய் வரை வந்தது. சொல்லி என்ன ஆகப்போகுது?

ஒரு சேதி இருக்கு. உன் கட்டில் பக்கத்துல லேப்டாப்பும் கையுமா கிடப்பேனே, வியாழனைச் சுத்துற ஒரு நிலாவைப் பார்த்துக்கிட்டு. அதோட காத்துல நீராவி இருக்கு. உறுதியாயிட்டு. தொலைநோக்கி எடுத்த பழைய படங்கள்லதான் இத்தனை நாளும் கிடந்திருக்கு. உச்சி வெயில் விழுற இடத்துல மட்டும் ஒளியோட சாயல் மாறுது. நீராவியைத் தவிர வேற எந்தக் காரணமும் அதுக்குப் பொருந்தலை. வீடியோ கால்ல எங்க ஆராய்ச்சிக் குழுவுல எல்லாரும் கை தட்டுனாவ. நான் கேமராவை அணைச்சிட்டு அழுதேன்.

டயாலிசிஸுக்கு நாம அலைஞ்ச காலம் உனக்கு ஞாபகம் இருக்கா? உடம்புல தண்ணி சேர்ந்தா மூச்சு முட்டிரும்னு டாக்டர் கண்டிச்சுச் சொல்லிட்டார். அருவித் தண்ணியில நனைஞ்சே பொழச்ச பொம்பளைக்கு நான் பாதி டம்ளர் அளந்து ஊத்துனேன். தாகம் தாங்காம நீ கெஞ்சும்போது ஒரு ஐஸ்கட்டி. சன்னல் வழியா சாரல் அடிக்கும். நீ அதுக்கு நேரா முகத்தைத் திருப்பி நாக்கை நீட்டுவே. சன்னலைச் சாத்தவா, விடவான்னு தெரியாம நிப்பேன்.

அப்படி ஒருநாள்தான் கேட்டே, அந்த நிலாவுல தண்ணி இருக்கான்னு. அங்க எல்லாமே பனிக்கட்டிம்மா, வெயில் பட்டா உருகாமலே ஆவியாப் போயிரும்னு சொன்னேன். வாயில கிடந்த ஐஸ்கட்டியைக் கன்னத்துக்கு ஒதுக்கிட்டு நீ கேட்டே:

"பாவம், அங்கனயும் ஐஸ்கட்டிதானாட்டி?"

சிரிச்சேன். சிரிச்சுக்கிட்டே எந்திரிச்சு அடுக்களைக்குப் போயிட்டேன். உனக்கு முன்னால அழக்கூடாதுல்லா.

நீ போன அன்னைக்கு உன்னைக் கடைசியாக் குளிப்பாட்ட நீர்மாலைத் தண்ணி எடுத்து வந்தாவ. குடங்குடமா உன் தலையில ஊத்துனாவ. யாரும் அளக்கலை. எனக்கு அங்கன நிக்கவே முடியலைம்மா. இதை யார்கிட்டப் போய்ச் சொல்ல?

நேத்து உன் முதல் திதி. படத்துக்கு முன்னால இலை போட்டு, தண்ணி வச்சேன். சித்தி அந்த டம்ளரையே பார்த்துக்கிட்டிருந்தா. பாதிதான் ஊத்தியிருக்கேன். கை அப்படிப் பழகிப்போச்சு.

"நிறைய ஊத்துட்டி," சித்தி மெதுவா சொன்னா. "இனி அவளை அது என்ன செய்யும்?"

ஊத்துனேன். விளிம்பு தாண்டி வழிஞ்சு, இலையெல்லாம் தண்ணி.

அந்த நிலாவுல இருக்கது ரொம்ப மெல்லிசும்மா. உன் நாக்கு நனையக்கூடக் காணாது. அதனால இங்கனயே வைக்கேன், வருசா வருசம், யாரும் சொல்லாமலே, டம்ளர் நிறைய. ஒரு மடக்காவது குறைஞ்சிருக்கான்னு பார்த்துக்கிட்டே இருப்பேன்.

உனக்குத் தண்ணி அளந்த மக,
செல்வி